நூரிஸ் வெட்டிய கற்றாழை

எங்கள் அசுவாவில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தூறல் விழுந்தால் போதும், பெண்கள் எல்லாரும் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுவார்கள். குண்டு விழுந்தால்கூட அப்படி ஓட மாட்டார்கள். காலையெல்லாம் பார்லரில் உட்கார்ந்து, ரோலர் சுற்றி, சூட்டுக்கூண்டுக்குள் தலையை விட்டு வெந்து, இழுத்து நேராக்கிய முடி அது. சொட்டுத் தண்ணீர் பட்டால் பழையபடி சுருண்டுகொள்ளும். அப்புறம் அடுத்த சனிக்கிழமை வரை வெளியே தலைகாட்ட முடியாது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் பெண்களில் பாதிப் பேர் கழுத்துக்கு மேல் கடலில் நனைந்ததே கிடையாது. ஏன் என்று கேட்டால் அலை பெரிதாக இருக்கிறது என்று சொல்வார்கள்.

அந்த ஊரில்தான் நூரிஸ் இருபத்து மூன்று வருடம் பெண்களின் முடியை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

நூரிஸ் பிறந்தது தக்காளித் தோட்டங்களுக்குப் பின்னால் இருக்கும் தெருவில். பிறக்கும்போதே 'கெட்ட முடி'யோடு பிறந்தாள். எங்களிடம் முடி இரண்டே வகை. நேராக விழுந்தால் நல்ல முடி, சுருண்டு எழுந்து நின்றால் கெட்ட முடி. அந்தக் கெட்ட முடி யார் வீட்டில் திருடியது, யார் குடியைக் கெடுத்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஏழு வயதில், கோவிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மைக்கு முந்தின நாள், அம்மா அவள் தலையில் நேராக்கும் கிரீமை முதல் முறையாகப் பூசினாள். காது எரிந்தது, கழுத்து எரிந்தது, குழந்தை கத்தினாள்.

"பொறுத்துக்கோடி. மாதா முன்னாடி இந்தத் தலையோடயா போய் நிப்பே?" என்றாள் அம்மா.

புதுநன்மைப் படம் இன்னும் நூரிஸ் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வெள்ளைக் கவுன், கையில் மெழுகுவர்த்தி, தோள் வரை தொங்கும் நேரான முடி. காதுக்குப் பின்னால் பொருக்குத் தட்டிய புண் படத்தில் தெரியவில்லை.

பதினேழு வயதில், ஊரே மரியாதையாகத் 'தோன்யா' என்று கூப்பிடும் காசில்டாவின் பார்லரில், தரையில் விழும் முடியைக் கூட்டி அள்ளச் சேர்ந்தாள். இருபத்தொன்றில் அங்கேயே நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். காசில்டா நல்ல வாட்டசாட்டம், முன்பல் ஒன்றுக்குத் தங்கம் கட்டியவள். அவள் சிரித்தால் எதிர்வீட்டு நாய் குரைக்கும். நூரிஸுக்கு மகள் பிறந்தபோது ஞானத்தாயாகக் கையில் ஏந்தி ஞானஸ்நானம் கொடுக்க நின்றவள் அவள்தான். அன்றிலிருந்து இருவரும் ஒருத்தியை ஒருத்தி 'கோமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் பக்கம் இந்த உறவு கூடப்பிறந்ததைவிடப் பெரிது. அக்கா தங்கை வருடக்கணக்கில் பேசாமல் இருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கோமாத்ரேக்கள் சண்டை போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போனால் ஊரே வாயில் கை வைக்கும்.

பார்லரில் மூன்று நாற்காலி. ஜன்னல் பக்கத்து நாற்காலி நூரிஸுடையது, அவள் சொந்தக் காசில் வாங்கியது. தலைநகரில் ஒரு கடையை மூடும்போது விலைக்கு வந்தது. அவள் புருஷன் எலிஹியோ வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். அதைத் தன் வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, நூறு கிலோமீட்டர் கொண்டுவந்து சேர்த்தான். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளில் போகாத பொருள் எது? குளிர்பெட்டி போகும், கட்டில் போகும், கன்றுக்குட்டி போகும். ஆனால் காலால் மிதித்தால் உயரும் நாற்காலி போனதை அன்றுதான் பார்த்தார்கள்.

நூரிஸ் கையில் சிக்கி நேராகாத முடி கிடையாது. எத்தனை மணப்பெண்கள், எத்தனை புதுநன்மைக் குழந்தைகள்! அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. கிரீம் டப்பாவைத் திறக்கும் முன்னால் போய்த் தண்ணீர் டிரம்மை எட்டிப் பார்ப்பாள். டிரம் நிறைந்திருந்தால்தான் கிரீமைத் தொடுவாள். தலையில் ஏறிய கிரீமைக் கழுவ நேரமானால் அது முடியோடு நிற்காது, தோலையும் தின்னும். குழாயை நம்பலாம் என்றால் எங்கள் ஊரில் கரண்ட் எந்த நிமிடமும் போகும், கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

நாற்பத்து மூன்றாவது வயதில், பின்மண்டையில், பத்து பெசோ நாணயம் அளவுக்கு ஒரு வழுக்கை அவள் கையில் தட்டுப்பட்டது. இரண்டு மாதத்தில் அது மூன்று நாணயம் ஆனது. இருந்த முடியைத் தலையைச் சுற்றி வளைத்து ஊசி குத்தி மறைத்தாள். ராத்திரி தூங்கும்போது எங்கள் பெண்கள் முடியை அப்படித்தான் சுற்றி வைப்பார்கள், அதற்கு தூபி என்று பெயர். நூரிஸ் பட்டப்பகலிலும் தூபியோடு திரிந்தாள். ஒரு திங்கட்கிழமை, பார்லருக்கு விடுமுறை நாள், கண்ணாடி முன் உட்கார்ந்து ஊசிகளை உருவினாள். கூடவே கொத்தாக முடியும் வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் கத்தரியை எடுத்து, நேராக்கிய முடி அத்தனையையும் வெட்டித் தள்ளினாள். மிஞ்சியது விரற்கடை அளவு. ஏழு வயதுக்குப் பிறகு தன் சொந்த முடியை அன்றுதான் அவள் பார்த்தாள்.

மறுநாள் நூரிஸ் பார்லருக்குள் நுழைந்ததும் காசில்டா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஐயோ மாதாவே! கோமாத்ரே, யாருடி செத்தா?"

"முடிதான் செத்துப்போச்சு. அடக்கம் பண்ணிட்டு வர்றேன்."

"பேனு கீனு பிடிச்சுதா? மறைக்காம சொல்லு, மருந்து இருக்கு."

"உங்க கிரீமைத் தாண்டி எந்தப் பேனு என் தலையில உயிரோட இருக்கும், கோமாத்ரே?"

சிரித்தது காசில்டாதான் முதலில். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து நீட்டினாள். "கசாப்புக்கடைக்காரன் நான் கறியே தின்ன மாட்டேன்னு சொன்னா எவன்டி அவன்கிட்ட கறி வாங்குவான்? வளர்ற வரைக்கும் இதைக் கட்டிக்கோ."

நூரிஸ் கட்டிக்கொண்டாள். அவளுக்கே அப்போது வெட்கமாகத்தான் இருந்தது.

வீட்டில் அவள் அடுப்படி வேறு மாதிரி ஆனது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, புத்தகமும் இல்லை. கையில் கிடைத்ததையெல்லாம் தலையில் போட்டுப் பார்த்தாள். முதலில் அவகாடோ. அதை மசித்தால் போதும் என்று நினைத்தாள், வடிகட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. எத்தனை அலசியும் திப்பி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழந்தாளிட்டபோது காய்ந்த பச்சைத் துகள்கள் மேலங்கியில் உதிர்ந்தன. பின்வரிசையிலிருந்த கிழவர் குனிந்து, "பொண்ணே, பச்சையா பொடுகு கொட்டுது, டாக்டரைப் பாரு" என்று கோவில் முழுக்கக் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார். அடுத்து தேன். தேனைக் குழைத்துப் பூசி, அரைகுறையாக அலசிவிட்டு, எலிஹியோ வண்டி நிறுத்துமிடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். தேனீக்கள் கூடவே வந்தன. வண்டிக்காரர்கள் பன்னிரண்டு பேரும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"சோத்துத் தட்டுல இருக்க வேண்டியதெல்லாம் உன் தலை மேல இருக்கு. நான் உன் தலையைத் தொட்டுக்கிட்டா சாப்பிடறது?" என்று எலிஹியோ புலம்பினான். ஆனால் சந்தைக்குப் போனால் அவகாடோவை இரண்டாக வாங்கி வந்தான்.

மூன்றாவது மாதம் அவளுக்குப் பிடி கிடைத்தது. ஆளிவிதையைக் கொதிக்கவைத்தால் முட்டை வெள்ளை மாதிரி ஒரு வழுவழுப்பு வரும். அதை ஆறவிடாமல் பழைய காலுறையில் ஊற்றிப் பிழிய வேண்டும், ஆறினால் பிழியவே முடியாது. அதோடு கற்றாழைச் சோறு. கற்றாழையை வெட்டியதும் மஞ்சளாக ஒரு நீர் வடியும், அதை முழுக்க வடியவிட்டுக் கழுவாமல் பூசினால் தலை அரித்துக் கொல்லும். கடைசியில் நாலு சொட்டு விளக்கெண்ணெய். இதெல்லாம்கூடப் பெரிதில்லை. எல்லாவற்றையும் தண்ணீர் சொட்டும் ஈரத்தலையில் பூச வேண்டும், அதுதான் விஷயம். காய்ந்த முடியில் எத்தனை எண்ணெய் விட்டாலும் முடி மினுக்கும், ஆனால் காய்ந்தேதான் கிடக்கும். முடி கேட்பது தண்ணீரை. எண்ணெய் அந்தத் தண்ணீர் ஓடிவிடாமல் போடுகிற மூடி. தண்ணீர் என்றால் பிளாஸ்டிக் பையோடு ஓடுகிற ஊரில் ஒரு முடிதிருத்துகிறவளுக்கு இதைக் கண்டுபிடிக்க நாற்பத்து மூன்று வயதாகியிருக்கிறது! நினைத்து நினைத்து அவளுக்கு ஆத்திரம் வந்தது.

வழுக்கை மூடியது. முடி காதுவரை சுருள் சுருளாக இறங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை மஞ்சள் துணியை மடித்து காசில்டா கையில் கொடுத்தாள்.

"இது என்ன?" என்றாள் காசில்டா.

"உங்க துணி. துவைச்சாச்சு."

பழைய வாடிக்கைக்காரிகள் இரண்டு பேர் அன்றே அடுத்த நாற்காலிக்கு மாறினார்கள். ஒருத்தி நூரிஸ் காதுபடவே, "சாலட்டை நம்பி என் தலையைக் கொடுக்க மாட்டேன்" என்றாள். காசில்டா தினமும் முணுமுணுத்தாள். ஆனால் நூரிஸ் கை போல் கை அவளுக்கு வேறு எங்கே கிடைக்கும்? ஒரு வருடம் பொறுத்தாள்.

மாதா திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை பார்லரில் நிற்க இடமில்லை. சூட்டுக்கூண்டுக்குள் ஆறு பேர். அப்போது யுடெல்கா வந்தாள். இருபத்தாறு வயது, செருப்புக்கடையில் வேலை, நூரிஸின் தெருக்காரி. நூரிஸ் அவளை உட்காரவைத்து முடியை விலக்கிப் பார்த்தாள்.

"பதினாறு நாளைக்கு முன்னாடிதானே மகளே கிரீம் போட்டுக்கிட்டே? உச்சியில சொறிஞ்சு வச்சிருக்கே, புண்ணா இருக்கு. இன்னிக்கு வேண்டாம்."

"திங்கக்கிழமை பேங்க்ல நேர்காணல் நூரிஸ். வேர்ல சுருள ஆரம்பிச்சிடுச்சு பாரு. ஒழுங்கா தலை சீவிட்டு வரணும்னு போன்லயே சொல்லிட்டாங்க."

"நான் அழகா சீவிக் கட்டி விடறேன்."

"அவங்க சீவணும்னு சொன்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்த அர்த்தத்துலதான் இத்தனை வருஷம் சோறு தின்னேன். ஆனா புண்ணு மேல போட மாட்டேன்."

காசில்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தள்ளு. வாடிக்கைக்காரி கேட்டதைச் செய்யறதுக்குப் பேருதான் கடை" என்று யுடெல்காவைத் தன் நாற்காலிக்கு இழுத்துப்போய் உட்காரவைத்தாள். கையுறை மாட்டினாள், டப்பாவைத் திறந்தாள். டிரம் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையிலிருந்து இருபது தலை அலசி டிரம் காலியாகக் கிடந்தது. கிரீம் தலை முழுக்க ஏறிய நேரம், தெருவில் வழக்கமான கூச்சல் எழுந்தது: "கரண்ட் போச்சூ!"

சூட்டுக்கூண்டுகள் நின்றன. மோட்டார் நின்றது. காசில்டா குழாயைத் திறந்தாள். அது இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

"எரியுது தோன்யா" என்றாள் யுடெல்கா.

"எரியாம அழகு வருமா? கொஞ்சம் பொறு, இப்ப வந்துடும்."

"எரியுது!" என்று அடுத்து அவள் போட்ட கத்தலில் தெருவே திரும்பியது.

நூரிஸ் ஏற்கனவே வாசலைத் தாண்டியிருந்தாள். பக்கத்து மளிகைக்கடையில் குடிதண்ணீர்க் கேன் இரண்டை யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்து, யுடெல்காவின் தலையைத் தொட்டியில் சாய்த்து, முழுவதையும் ஊற்றினாள். கிரீமோடு முடியும் வந்தது, கைப்பிடி கைப்பிடியாக. உச்சித்தோல் தக்காளி நிறத்தில் இருந்தது. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினாள். நூரிஸ் சுற்றிலும் பார்த்தாள். அவள் கண் வாசல் நிலையில் நின்றது.

நிலைக்கு மேலே ஒரு கற்றாழை தலைகீழாகத் தொங்கியது, சிவப்பு ரிப்பன் கட்டி. பெரிய வெள்ளிக்கிழமை அன்று வெட்டி, தீர்த்தம் தெளித்துக் கட்டியது. கண்ணேறு அண்டாது, கடைக்குக் கூட்டம் குறையாது என்று காசில்டாவுக்கு அதன்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. மண்ணே இல்லாமல் பதினோரு வருடமாக அது பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பார்லரில் வேலை செய்கிறவர்கள் யாரும் அதைத் தொட்டதுகூட இல்லை.

நூரிஸ் தன் நாற்காலியை இழுத்து நிலைக்குக் கீழே போட்டு, அதன் மேல் ஏறினாள். கையில் முடி வெட்டும் கத்தரி.

"கோமாத்ரே! அதுல கை வைக்காதே!" காசில்டாவின் குரல் கீச்சிட்டது. "அது என் கடையோட அதிர்ஷ்டம்டி! பதினோரு வருஷமா காப்பாத்துது!"

"பதினோரு வருஷம் கதவைக் காப்பாத்தினது போதும். இன்னிக்கு ஒரு தலையைக் காப்பாத்தட்டும்."

ரிப்பன் அறுந்தது. கற்றாழையை மடல் மடலாகப் பிய்த்து, மஞ்சள் நீரை வடியவிட்டு, கேனில் மிஞ்சிய தண்ணீரில் கழுவி, தோலைச் சீவினாள். ஒவ்வொரு துண்டாக அந்தச் சிவந்த தலையில் வைத்தாள். யுடெல்காவின் நடுக்கம் மெல்ல அடங்கியது. தலை நிறைய ரோலர்களோடு ஆறு பெண்கள் இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி காய்ந்த தலையோடு அவர்களால் வெளியே போகவும் முடியவில்லை.

காசில்டா தரையில் கிடந்த ரிப்பனை எடுத்தாள். "வெளிய போ" என்றாள். "என் கடையில இருந்து வெளிய போ."

நூரிஸ் யுடெல்காவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காசில்டா நேராக நூரிஸ் வீட்டுக்கு வந்தாள். நூரிஸ் காபி கொடுத்தாள். கோமாத்ரே வீட்டுக்கு வந்தால் காபி கொடுக்காமல் இருக்க முடியாது, கொலையே செய்துவிட்டு வந்தாலும். இருவரும் ஆடுநாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து காபியை ஊதினார்கள்.

"அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கு?"

"கொப்புளம் இல்ல. உச்சியில முடி வர நாளாகும்."

காசில்டா கோப்பைக்குள் பார்த்தாள். "டிரம்மை நான் பாத்திருக்கணும்" என்றாள் மெதுவாக. அப்புறம் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆனா நீ செஞ்சது வேற. ஆறு பேரு முன்னாடி என் அதிர்ஷ்டத்தை அறுத்தே. ஊரெல்லாம் இதே பேச்சு. இப்ப கேளு. செவ்வாய்க்கிழமை திருவிழாக் கூட்டம் ஆரம்பம். புதுசா ஒரு கற்றாழை கொண்டுவந்து உன் கையால கட்டு. அப்புறம் எல்லாரும் பாக்க உன் நாற்காலியில உக்காரு. உன் முடியை நான் நேராக்கறேன். அதோட எல்லாம் மறந்துடலாம், பழையபடி உன் இடம் உனக்கு."

"இல்லன்னா?"

"இல்லன்னா பக்கத்து ஊரு பானியில இருந்து ஒருத்தி வர்றா. நல்ல கைன்னு சொல்றாங்க." சொல்லும்போது காசில்டா நூரிஸைப் பார்க்கவில்லை.

அவள் போன பிறகு நூரிஸுக்குப் பயம் வந்தது. நாற்பத்து நாலு வயது. பதினேழிலிருந்து வேறு தொழில் தெரியாது. மகள் தலைநகரில் நர்ஸ் படிப்பு, இன்னும் இரண்டு வருடம் பாக்கி. இந்த ஊரில் வேறு எந்த பார்லரும் இந்தத் தலையோடு அவளை உள்ளே விடாது. ஒரு தடவைதானே, அரை மணி நேர வேலைதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கை தானாகப் பின்மண்டைக்குப் போனது, வழுக்கை இருந்த இடத்துக்கு. அங்கே முடி அடர்ந்து, மெத்தென்று இருந்தது.

எலிஹியோ வாசற்படியில் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னான். "முடிதானே. மறுபடியும் வளரும்."

"ஏழு வயசுலயும் எங்கம்மா இதைத்தான் சொன்னா."

அவன் குனிந்து சங்கிலியைத் துடைக்கத் தொடங்கினான்.

இருட்டும் நேரம் யுடெல்கா கொல்லைப்புறமாக வந்தாள், யார் கண்ணிலும் படாமல். நூரிஸ் புண்ணில் புதுக் கற்றாழை வைத்துவிட்டாள். மறுநாள் அவள் அத்தை மகளின் செயற்கை முடியை மாட்டிக்கொண்டு நேர்காணலுக்குப் போனாள், வேலையும் கிடைத்தது. அந்த முடி மிக அழகாக இருந்ததாக பேங்க் மேனேஜரே பாராட்டினாராம். நூரிஸுக்காகப் பார்லரில் போய் ஒரு வார்த்தை பேசுவாள் என்று எலிஹியோ எதிர்பார்த்தான், அவள் பேசவில்லை. அவளைக் குறை சொல்லி என்ன செய்வது? அவளுக்கு மூடி மறைக்கவே நேரம் போதவில்லை.

திங்கட்கிழமை ராச்சாப்பாட்டுக்கு வாழைக்காய் மசியலும் பொரித்த பாலாடைக்கட்டியும். நூரிஸ் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"குளிர்பெட்டி கட்டற பெரிய கயிறு இருக்கே, அது எங்க?"

எலிஹியோ மெல்லுவதை நிறுத்தினான். "கூரை மேல கிடக்கு. ஏன்?"

"நாளைக்குக் காலையில அதை எடுத்துக்கிட்டு பார்லர் வாசல்ல நில்லு. நான் கூப்பிட்டா உள்ள வா."

செவ்வாய்க்கிழமை பார்லர் நிரம்பி வழிந்தது. திருவிழாவுக்காக மட்டும் அல்ல, நூரிஸ் குனிவதைப் பார்க்கவும் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பானிக்காரி மூலையில் கைகட்டி நின்றாள். வெளியே காற்று அசையவில்லை, வானம் காலையிலிருந்தே கறுத்துக்கொண்டு வந்தது. நூரிஸ் உள்ளே வந்தாள். சுருள்முடி தோளில் புரண்டது. கையில் இரண்டு முழ நீளத்துக்கு ஒரு கற்றாழை, புதுச் சிவப்பு ரிப்பன். யாரோடும் பேசாமல் தன் நாற்காலியை நிலைக்குக் கீழே இழுத்து, ஏறி, பழைய ஆணியில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டினாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினாள்.

காசில்டாவின் தங்கப்பல் தெரிந்தது. "இது! இதுதான் என் கோமாத்ரே" என்றாள். இந்த முறை டிரம் விளிம்புவரை தண்ணீர் நின்றது. கிண்ணத்தில் கிரீம் தயாராக இருந்தது. "உக்காரு. எரியாம பாத்துக்கறேன், நான் சத்தியமா சொல்றேன்."

நூரிஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"உங்க கற்றாழையை நான் வெட்டினேன், நானே கட்டிட்டேன். அதைவிடப் பெருசு, அதைவிடப் பச்சை. அதுல உங்களுக்கு நான் குறை வைக்கல கோமாத்ரே. என் தலை உங்ககிட்ட வாங்கினது இல்ல. அதைத் திருப்பிக் கேக்காதீங்க." அவள் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எலிஹியோ!"

எலிஹியோ ஸ்பேனரோடு வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல், நாற்காலியை அடிப்பீடத்திலிருந்து கழற்றத் தொடங்கினான்.

"என்னடி பண்றான் இவன்?"

"என் நாற்காலி. நான் வாங்கினது."

"அதைத் தூக்கிட்டுப் போய் எங்க வைப்பே? உன் அடுப்படியிலயா?"

"ஆமா" என்றாள் நூரிஸ். "என் சரக்கெல்லாம் அங்கதானே இருக்கு."

யாரோ ஒருத்தி ரோலர்களுக்கு அடியில் சிரித்துவிட்டாள். காசில்டா அவளை ஒரு பார்வை பார்த்தாள். கிண்ணம் இன்னும் அவள் கையில் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல நின்றாள். பானிக்காரிக்கு வழிவிட்டு நூரிஸ் தன் கத்தரிகளையும் சீப்புகளையும் ஒரு பையில் அள்ளினாள். இருபத்து மூன்று வருடம் ஒரே பையில் அடங்கிவிட்டது. அழுதுவிடக் கூடாது என்று சீப்புகளை எண்ணினாள்.

அடிப்பீடத்தை முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் வைத்தான் எலிஹியோ. நாற்காலியைப் பின்னால் பின்பக்கம் பார்த்தபடி நிறுத்தி, கயிற்றை எட்டுச் சுற்றுச் சுற்றினான். உட்கார வேறு இடம் இல்லை. நூரிஸ் அந்த நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்தாள், பை மடியில். பார்லர் முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது.

வண்டி கிளம்பவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. அசுவாவில் மழை எப்போதோதான் வரும், வந்தால் பேய்மழை. கடைவீதி முழுக்க அலறல். திருவிழாவுக்குத் தலை செய்துகொண்டு வந்தவர்கள், தூபி சுற்றியவர்கள், பிளாஸ்டிக் பையும் செய்தித்தாளும் பாவாடையும்கூடத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கூரைகளுக்கு அடியில் ஒடுங்கினார்கள். தெரு ஒரு நிமிடத்தில் காலியானது. நடுத்தெருவில் எலிஹியோவின் வண்டி மட்டும் ஊர்ந்தது.

"கண்ணு தெரியல நூரிஸ், ஒரு ஓரமா நிறுத்தட்டுமா?"

"நிறுத்தினே, இறங்கி நானே ஓட்டுவேன்."

பார்லர் வாசலுக்குக் காசில்டா ஓடிவந்தாள். புதுக் கற்றாழைக்குக் கீழே நின்று, அந்த மஞ்சள் துணியைக் கையில் தூக்கி ஆட்டினாள். கோபமெல்லாம் போய், பிள்ளைக்குப் பதறுகிற குரல் அது.

"தலையை மூடுடி, பைத்தியக்காரி! நனையுதுடி!"

நூரிஸ் மூடவில்லை. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முடியைத் தூக்கி மழைக்கு விரித்துக் கொடுத்தாள். தண்ணீர் உச்சியில் இறங்கி, காதுக்குப் பின்னால், பழைய புண் ஆறிய தழும்பு வழியாக வழிந்தது.

"குடிக்கட்டும் கோமாத்ரே!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். "முப்பத்தேழு வருஷத் தாகம்!"